தாடைக்குக் கீழே இரண்டு தடங்கள்

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் செங்கோட்டையன். அவருடைய விதவை மருமகள் வசந்தாமணி. ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர் டாக்டர் ராசப்பன். நர்ஸ் சாலம்மாள். முதுகில் கட்டி உடைத்துக்கொள்ள வந்து, அலறல் கேட்டுச் சட்டை போடாமலே ஓடி வந்த சப்-இன்ஸ்பெக்டர் சடையப்பன்.

ஆறாவதாகக் கட்டிலில் ஒரு குழந்தை.

செங்கோட்டையனின் பேத்தி சௌந்திரம். ஏழு வயது. அன்று காலைதான் தொண்டைச் சதையை வெட்டி எடுத்திருந்தார்கள்.

உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது...

மூச்சு இல்லை!

டாக்டர் ஒரே தாவலில் குழந்தையின் நாக்கை இடுக்கியால் பிடித்து இழுத்தார். சாலம்மாள் பிராணவாயுக் குழாயை மூக்கில் வைத்தாள்.

ஒரு இருமல்... ஒரு விக்கல்... உதடு மெல்லச் சிவந்தது.

"பொழைச்சுது!" என்றார் டாக்டர். "யாரு கத்துனது?"

"நான்தானுங்க!" செங்கோட்டையனின் முதுகு வளையவில்லை. "வெத்தலை துப்பப் போயிட்டுத் திரும்பி வந்தேன். இவ புள்ளை கழுத்துல ரெண்டு கையையும் வெச்சிருந்தா! புடிச்சு இழுத்துத் தள்ளுனேன். பாத்தா... புள்ளை நீலமாக் கெடக்குது!"

சடையப்பன் குனிந்தார். குழந்தையின் தாடைக்குக் கீழே, காதோரம், இரண்டு பக்கமும் விரல் தடங்கள்!

"ஏம்மா, பெத்த புள்ளையா?"

"மூத்தவ புள்ளைங்க," என்றார் பெரியவர். "என் மவன் ரெண்டாந்தாரமா இவளைக் கட்டிட்டு வந்தான். அவனும் போயிட்டான்."

"பேத்தியும் போயிட்டா நெலமெல்லாம் யாருக்கு?"

பெரியவர் திரும்பி மருமகளைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

"வாயத் தொறம்மா! ஏன் நெரிச்ச?"

வசந்தாமணி சுவரோரம் நின்றாள். கண்ணில் நீர். உதடு துடித்தது. சத்தம் வரவில்லை.

"ஊமையா?"

"ஊமையில்லீங்க. மாமனார் முன்னால வாயத் தொறக்க மாட்டா. கல்யாணமாகி வந்த நாள்லருந்து தொறந்ததில்ல. அது எங்க ஊட்டு மருவாதி."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க."

"நான் ஏனுங்க வெளியில போவோணும்? குத்தவாளி நானா?"

"சரி. ஸ்டேஷன்ல பேசட்டும்!" சடையப்பன் அவள் கையைப் பிடித்தார். அவள் திரும்பித் திரும்பிக் கட்டிலையே பார்த்தாள். டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டே அவர்கள் பின்னால் போனார். சாலம்மாள் வெந்நீருக்குப் போனாள்.

கட்டிலருகே செங்கோட்டையன் மட்டும்.

குழந்தை குறட்டை விட்டது.

அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். மகன் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே சத்தம் அதுதான். வேலைக்காரர்கள் அவரைக் கண்டால் ஒதுங்குவார்கள். மருமகள் பேசமாட்டாள். தட்டு வரும், தண்ணீர் வரும், வார்த்தை வராது. ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் பேத்தி குறட்டை விட்டால்தான், வீட்டில் இன்னொரு உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது நடுவில் அடங்கும். நன்றாகத் தூங்கிவிட்டாள் என்று அவரும் கண்ணை மூடுவார்.

ஒருநாள் மட்டும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். குழந்தை கழுத்தில் மருமகள் கை! அன்றைக்கு முளைத்த சந்தேகம்தான் இன்று அலறலாக வந்தது.

குறட்டை அடங்கியது.

'தூங்கிட்டா...'

இல்லை!

நெஞ்சு ஏறியது. வயிறு உள்ளே இழுத்தது. வாய் திறந்திருந்தது. காற்று மட்டும் போகவில்லை! அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை, குழந்தையின் கழுத்தில் எந்தக் கையும் இல்லை... உதடு மறுபடியும் நாவல்பழம்!

"டாக்டரு!"

முதலில் வந்தது டாக்டர் அல்ல.

போலீஸ் பிடியை உதறிவிட்டுப் புயலாக நுழைந்தாள் வசந்தாமணி. தாடையின் இரு மூலையிலும் விரலை வைத்தாள். முன்பக்கமாகத் தூக்கினாள்.

ஹர்ர்ர்ர்...!

மூச்சு வந்தது.

"மாமா! இப்படித் தூக்கிப் புடிங்க! என் கை வலிக்குது!"

அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

செங்கோட்டையன் பிடித்தார்.

வாசலில் டாக்டர் கல்லாக நின்றார். "உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லீங்க. தெனமும் ராத்திரி மூச்சு நின்னு நின்னுதானுங்க வருது. ஒருநா பயந்து போயி மூஞ்சியத் தூக்குனேன், வந்துது. அப்பறம் நான் ஒறங்கறதே இல்லீங்க."

"இதைத்தானே நேத்துக் கேட்டேன்!" டாக்டர் வெடித்தார். "தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு! கத்தி வைக்கிறதுக்கு முன்னால எல்லாப் புள்ளைக்கும் நான் கேக்கற கேள்வி அது. தூக்கத்துல நிக்கிற மூச்சு ஆபரேஷனுக்கு அப்புறமும் நிக்கும்! தெரிஞ்சிருந்தா வலிக்கு அந்த மயக்க மருந்தைக் குடுத்தே இருக்க மாட்டேன். பக்கத்துல ஆளை நிறுத்தியிருப்பேன். ஆனா இந்தப் பெரியவர் என்ன சொன்னாரு?"

சொன்னது பெரியவருக்கே ஞாபகம் இருந்தது.

'எங்க வம்சத்துல யாருக்கும் மூச்சுக் கோளாறு கெடையாதுங்க!'

அதைச் சொன்னபோது வசந்தாமணி அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். வாயை மூடிக்கொண்டு.

"அப்ப இவரு புடிச்சு இழுத்ததுதான்..." சடையப்பன் பாதியில் நிறுத்தினார்.

மீதியைச் செங்கோட்டையனே சொன்னார். "ஆமாங்க. கொன்னுருப்பேன்." முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. தாடையைப் பிடித்த கையில் ஒரு சொட்டு விழுந்தது.

மருந்தின் மயக்கம் தெளியும்வரை இருவரும் மாறி மாறிப் பிடித்தார்கள்.

அடுத்த வாரச் சந்தையில் பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் அவரை வழிமறித்தார். சுற்றிலும் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங் மாமா, உங்க மருமவ புள்ளை கழுத்த நெரிச்சுப் போட்டாளாமா? போலீசு அடிச்ச அடியில வாயே அடைச்சுப் போச்சாமா? ஊரே பேசுது."

செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டார். ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

"அவ நெரிக்கல, காப்பாத்துனா. கொல்லப் பாத்தவன் நான். போலீசு அடிக்கல. வாயும் அடைக்கல... இப்ப எங்க ஊட்ல பேசறதுக்கு எனக்குத்தான் மொறை வர மாட்டேங்குது!"