பதினேழாவது தட்டு

போன் அடித்தது.

கோர்ட் அமீனா எடுக்கவில்லை. வெந்நீர் ஒத்தடத்தில் கிடந்த வலது முழங்காலைப் பார்த்தார். அது, வேண்டாம் என்றது.

மறுபடி அடித்தது... மறுபடியும்!

நான்காவது தடவை எடுத்தார். கோர்ட் குமாஸ்தா. கைதான கப்பலுக்கு ஜாமீன் கட்டியாகிவிட்டது, நான்கு மணிக்குள் போய் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிட்டு வர வேண்டும் என்றார்.

"காலையிலதானே தொகையே சொன்னாங்க?"

"மத்தியானம் கட்டிட்டாங்க. முழுசா."

"பேரம் பேசலையா?"

"வாயே திறக்கல."

அமீனாவுக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ். கப்பலைக் கைது செய்ய விலங்கு வேண்டாம். கோர்ட் உத்தரவைக் கேப்டன் நிற்கும் மேல்தட்டு அறையின் கண்ணாடியில் பசை தடவி ஒட்டினால் போதும், அத்தனை இரும்பும் அசையாமல் நிற்க வேண்டும். ஜாமீன் வந்ததும், ஒட்டிய கையே போய்க் கிழிக்க வேண்டும்.

அவர் கைது செய்த எல்லாக் கப்பல் முதலாளிகளும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். 'இந்த ஓட்டைக் கப்பல் அவ்வளவு பெறாதுங்க, குறைங்க.'

பேரம் பேசாத முதலாளியை அவர் பார்த்ததே இல்லை.

போனை வைக்கவில்லை, அடுத்தது வந்துவிட்டது.

அந்தப் பெண். வழக்குப் போட்டவள். அவள் புருஷன் அந்தக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். துறைமுகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கடலில் தவறி விழுந்துவிட்டதாகக் கேப்டன் எழுதிக் கொடுத்திருந்தார். உடல் கிடைக்கவில்லை. இரண்டு வாரமாகத் தினம் ஒரு தடவை அமீனாவைக் கூப்பிடுகிறாள்.

"சார்... கப்பல் போயிடுமா?"

"பணம் கட்டிட்டாங்கம்மா. கேஸ் ஜெயிச்சா நஷ்டஈடு உனக்கு வந்துரும்."

"பணம் கிடக்கட்டும் சார். அவர் எப்படி விழுந்தார்னு அந்தக் கப்பலுக்குத்தான் தெரியும். அதுவும் போயிட்டா நான் யாரைக் கேப்பேன்?"

அமீனா போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். அவர் வேலை ஒட்டுவதும் கிழிப்பதும். அழுகிறவர்களுக்குப் பதில் சொல்ல அரசாங்கம் தனியாகச் சம்பளம் தருவதில்லை.

படகில் ஏறி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ஃபைலைப் புரட்டினார்.

கைதான கப்பலில் இருப்பவர்களுக்குச் சோறு போடுவது கோர்ட் பொறுப்பு. வாராவாரம் சமையல்காரர் மளிகைப் பட்டியல் கொடுப்பார், அமீனா சரிபார்ப்பார். கப்பலில் இருப்பது பதினாறு பேர். சமையல்காரர் பதினேழு பேருக்கு எழுதியிருந்தார். அமீனா சிவப்பு மையால் அடித்துப் பதினாறாக்கியிருந்தார். கேப்டன்கூடச் சிரித்தார், 'சமையல்காரன் புத்தி எங்க போகும்?' என்று.

அடுத்த வாரமும் பதினேழு. அதையும் அடித்தார்.

திருடுகிறவன் அரிசியைக் கூட்டிப் போடுவான், எண்ணெயைக் கூட்டுவான். ஆளைக் கூட்ட மாட்டானே? அதுவும் ஒரு தடவை மாட்டிக்கொண்ட பிறகு, அதே இடத்தில், அதே மாதிரி?

அமீனா ஃபைலை மூடினார்.

பேரம் பேசாத முதலாளி... பதினேழு பேருக்குச் சமைக்கும் சமையல்காரர்!

கப்பலில் ஐம்பத்தெட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் முழங்கால் அவரைத் திட்டியது. மேலே கேப்டன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். கீழே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"கிழிச்சுடுங்க சார். கிளம்பணும்."

அமீனா காகிதத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"காஞ்சு போச்சு. வெந்நீர் வேணும். சமையல்காரரைக் கொண்டு வரச் சொல்லுங்க."

"நானே கிழிக்கிறேனே?"

"கிழிங்க. அடுத்த காகிதத்தை உங்க மேல ஒட்டுவாங்க, கோர்ட் அவமதிப்புன்னு."

கேப்டன் கையை இழுத்துக்கொண்டார். வெந்நீர்ப் பாத்திரம் வந்த நேரத்தில் முதலாளியின் போனும் வந்தது. கேப்டன் வெளியே நகர்ந்தார்.

அமீனா துணியை நனைத்தபடி, திரும்பாமலே கேட்டார்.

"பதினேழாவது தட்டு யாருக்கு?"

சமையல்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு இப்பதான் கேக்கத் தோணுச்சா சார்? ஸ்டோர்ல, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால படுத்திருக்கார். கால் உடைஞ்சிருக்கு. சாவி என்கிட்டதான்."

"யாரு?"

"செகண்ட் இன்ஜினியர்."

அமீனா துணியைப் பாத்திரத்தில் போட்டார். இரண்டு தடவை அந்த மனிதனின் சோற்றைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறோமே என்று நெஞ்சு வலித்தது.

சமையல்காரர் கிசுகிசுப்பாகக் கொட்டினார். அன்றிரவு கேப்டன் இன்ஜினியரைத் தள்ளிவிட்டார், கடலில் விழுந்ததாக நினைத்துக்கொண்டார். விழுந்தது கீழ்த்தளத்துக் கயிற்றுக் குவியலில். குப்பை கொட்டப் போன இவர்தான் பார்த்து, ஸ்டோரில் ஒளித்து வைத்தார். போன்களையெல்லாம் கேப்டன் வாங்கி வைத்துக்கொண்டார். யார் கேப்டனின் ஆள் என்றே தெரியாது. வெளியாள் என்று வந்தது அமீனா ஒருவர்தான், அவரோடும் கேப்டன் ஒட்டிக்கொண்டே திரிந்தார்.

"எதுக்குத் தள்ளினாரு?"

"வெள்ளிக்கிழமையோட கப்பல் இன்ஷூரன்ஸ் முடியுது சார். அதுக்குள்ள ஆழத்துல கொண்டுபோய் மூழ்கடிக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. இன்ஜினியர் மாட்டேன்னுட்டார்."

அமீனாவுக்கு விளங்கியது. மூழ்கினால் இன்ஷூரன்ஸில் பல மடங்கு தரப்போகிற கப்பலுக்கு ஜாமீனில் என்ன பேரம்?

அவர் துறைமுகப் போலீஸுக்குப் போன் செய்து நாலே வார்த்தை பேசினார். பிறகு அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

கேப்டன் திரும்பி வந்தார். "என்ன சார், இன்னும் கிழிக்கலையா?"

"ஊறணும்."

"எவ்வளவு நேரம்?"

"போலீஸ் படகு வர்ற வரைக்கும்."

கேப்டன் வாசலுக்குப் பாய்ந்தார். ஓட நினைத்தவர், சுற்றிலும் கடலைப் பார்த்துவிட்டு நின்றார்.

போலீஸ் வந்து ஸ்டோரில் மூட்டைகளை நகர்த்தியபோது, தாடிக்குள் இரண்டு கண்கள் வெளிச்சம் தாங்காமல் கூசின. வயிறு ஒட்டிப்போயிருந்தது. அவர் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

"என் வீட்டுக்காரிக்குச் சொல்லிட்டீங்களா?"

அமீனா போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். கண் கலங்கியது, வயசாகிவிட்டால் அப்படித்தான்.

ஒரு வாரம் கழித்து அவள் கூப்பிட்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை.

"சார், கேஸ் நிக்காதாம்! செத்தாதான் அந்த நஷ்டஈடாம். ஜாமீன் பணத்தைத் திருப்பிக் கேக்குறாங்களாம்."

"கோர்ட் கொடுத்துத் தொலைக்கட்டும்மா. காலை உடைச்சதுக்கும் சம்பளப் பாக்கிக்கும் புதுசா கேஸ் போடு."

போட்டாள். கேப்டன் ஜெயிலில் இருந்தார். முதலாளியோ, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சாதித்தார். அமீனா மறுபடி ஐம்பத்தெட்டுப் படி ஏறி, அதே கண்ணாடியில் புதுக் காகிதம் ஒட்டினார். இறங்கி வந்து ஒத்தடத்தில் காலை வைத்தார்.

போன் அடித்தது. குமாஸ்தா.

"புது ஜாமீன் தொகை சொல்லியாச்சு. முதலாளியோட வக்கீல் ஒரு மணி நேரமா அழறாரு. ஓட்டைக் கப்பலாம், அவ்வளவு பெறாதாம், பாதியாக் குறைக்கணுமாம்."

அமீனா அப்பாடா என்று சாய்ந்துகொண்டார்.

"பேரம் பேசுறாங்களா? அப்ப கப்பல் மிதக்கும்."