பீரோ இடித்த பள்ளம்

இந்தக் காலத்தில் வேலையை ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஐம்பது வருடமாக வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். சுவரில் பள்ளம் இருந்தால் பட்டி வைத்து அடைப்பேன். அதற்குப் போய் ஒரு வீட்டில் என்னைக் குற்றவாளி போலப் பார்த்தார்கள்.

அந்த வீட்டு அத்தைக்குக் கண் தெரியாது. மாமா இறந்த பிறகு, அத்தையின் தம்பி தன் மனைவியோடும் மகளோடும் வந்து கூட இருக்கிறார். மகளுக்குப் பத்து வயது; அவள் கூப்பிடுகிறபடியே நானும் அத்தை, மாமா என்கிறேன். நான் வாளியைத் திறந்ததுமே, "இது என்ன தாத்தா?" என்று ஆரம்பித்துவிட்டாள். பட்டி, காய்ந்தால் கல்லாகிவிடும் என்றேன்.

கூடத்துச் சுவரை முடித்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். அத்தை சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குப் போனார். ஓர் இடத்தில் நின்றார். மேலே தடவினார், கீழே தடவினார். கையெல்லாம் பட்டி.

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே."

அடைத்துவிட்டேன் என்றேன். அத்தை திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். டீயும் வேண்டாம் என்றுவிட்டார்.

சிறுமிதான் விஷயத்தைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் மாமா தனியாகப் பீரோவை நகர்த்திச் சுவரில் இடித்துவிட்டாராம். அத்தை தினமும் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து மாமாவைத் திட்டிவிட்டுத்தான் சமையலறைக்குள் போவாராம்.

நான் நம்பவில்லை. பள்ளத்தை விட்டால் உன் அப்பா என்னைத்தான் குறை சொல்வார் என்றேன்.

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன் தாத்தா. காயறதுக்குள்ள சுரண்டிடலாம். காஞ்சா கல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொன்னது என் தப்பு.

அப்பாவே வந்து சொல்லட்டும் என்றேன். கையோடு இழுத்து வந்துவிட்டாள். அவர் தலையாட்டினார். நானும் சுரண்டினேன். அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு, இது இல்லை என்றார்.

உடனே சிறுமி ஒரு கை பட்டியை எடுத்து அங்கே அப்பினாள். "உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பண்ணுங்க அத்தை."

அத்தையின் விரல் ஈரப் பட்டியில் இறங்கியது. அடியில் ஆழம், இடப்பக்கம் ஒரு கூர். கொஞ்சம் கொஞ்சமாக முகம் மலர்ந்தது.

"ஆள் கூப்பிடுங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்று சுவரைத் திட்டினார். பிறகு டீ கேட்டார்.

மறுநாள் பள்ளத்துக்குள்ளும் பெயின்ட் அடித்தேன். கிளம்பும்போது அத்தை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருங்கண்ணே."

எத்தனையோ சுவர்களை வழவழவென்று ஆக்கியிருக்கிறேன். ஒருவரும் கையைப் பிடித்ததில்லை. ஒரு பள்ளத்தை விட்டதற்கு வீடே வாசல்வரை வந்து நன்றி சொல்கிறது.

பள்ளம் பள்ளம்தான் என்று முணுமுணுத்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.