குறையளவு

இது நடந்தது கலிஸ்டோவில் நம்மவர்கள் குடியேறிய நாற்பத்தோராம் ஆண்டிலா, நாற்பத்திரண்டாம் ஆண்டிலா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பேச்சுகளை வார்த்தை பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதும் சந்தேகம்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் போட்டிருக்கக்கூடும். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

வியாழனைச் சுற்றும் கலிஸ்டோவில், பனிப்பாறைக்கு நூற்றிருபது அடி கீழே, புதுப்பொருநை என்ற ஊர் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனி வெட்டப் போனவர்களின் ஊர். அங்கே தினமும் காலை ஆறு மணிக்கு, மருத்துவக் கூடத்தின் நீண்ட பெஞ்சில் இருபத்திரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நாக்குக்கு அடியில் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியை அடக்கிக்கொண்டு, தங்கள் உடம்புக்குள் மேயப்போன எறும்புகள் திரும்பி வரக் காத்திருப்பார்கள்.

எறும்பு என்பது பேச்சு வழக்கு. ஆய்வுத் தாள்களில் அதற்கு நுண்மேயி என்று பெயர். ரத்தத்தில் விட்டால் புற்றணுக்களை மட்டும் தேடித் தின்னும் இயந்திரம். ஒரு சிவப்பணுவில் பாதிகூட இராது. நாள் முழுக்க மேய்ந்துவிட்டு, இனிப்பின் தடம் பிடித்து நாக்கடிக்கு வந்து சேரும். மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிண்ணத்தில் துப்புவார்கள். கிண்ணம் எறும்புகளின் வயிற்றைப் பார்த்து, கட்டி எவ்வளவு கரைந்தது என்று சொல்லிவிடும். பூமியிலிருந்து வரும் நெடும் பயணத்தில் அண்டக்கதிர் பட்டவர்களுக்கு இந்த நோய் வருவது அங்கே புதிதல்ல. புதிது அந்த எறும்புகள்தான். அவை இன்னும் ஆய்வில்தான் இருந்தன.

கட்டி கரைந்தால் மட்டும் போதாது, கட்டிக்குச் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும் என்பது ஆய்வின் விதி. அதற்காகக் கேட்பான் என்ற இயந்திரன் இருந்தது. கேள்வி கேட்பதும் அதுவே, பதிலைக் கேட்டுக்கொள்வதும் அதுவே என்பதால் அந்தப் பெயர். ஊர்வாயைப் புரிந்துகொள்ள அது மிகவும் பாடுபட்டது. "புகையிலை போடுவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "எப்பவாச்சும்" என்பார்கள். அந்த 'எப்பவாச்சும்' ஒரு நாளைக்கு எட்டு முறை என்று கண்டுபிடிக்க அதற்கு மூன்று மாதம் பிடித்தது.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று அன்று காலையும் கேட்பான் பெஞ்சின் முதல் ஆளிடம் கேட்டது. அவர் சுடலைமணி, பனி வெட்டும் வண்டி ஓட்டுநர். இரைப்பையில் கட்டி.

"ஏதோ கெடக்கேன்" என்றார்.

கேட்பான் அகராதியைப் பார்த்தது. கிடத்தல் என்றால் படுத்த நிலையில் இருத்தல். அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டு சற்றுக் குழம்பி, பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டது. அடுத்தவர் "பரவாயில்ல" என்றார். அது ஐந்து. அதற்கடுத்தவர் "ஓடிட்டிருக்கு" என்றார்.

"எது ஓடுகிறது?"

"பொழப்புதான். பின்ன நானா ஓடுதேன்?"

அதற்கு நான்கு.

அந்த வாரம் பக்கத்து நிலவான கானிமீடில் இருந்த ஆய்வுக் குழுவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மற்றொரு நிலவான யூரோப்பாவின் குடியேற்றத்தில் இதே எறும்புகள் விடப்பட்ட நோயாளிகள் வாந்தி எடுத்துக்கொண்டே "அருமை" என்று சொல்லி எட்டு மதிப்பெண் பெற்றிருந்தார்கள். புதுப்பொருநையின் சராசரியோ நான்கு. இங்கே எறும்புகள் கட்டியைக் கரைக்கின்றன, ஆனால் மனிதர்களை வதைக்கின்றன. பத்து நாளில் சராசரி ஏழைத் தொடாவிட்டால் எறும்புகளைத் திரும்பப் பெறவும் என்று குழு எழுதியிருந்தது.

ஆய்வை நடத்திய டாக்டர் ஜெபராணி அதை மூன்று முறை படித்தார். சுடலைமணியின் கட்டி பாதிதான் கரைந்திருந்தது. மீதி கரைய இன்னும் எழுபது நாள் வேண்டும். இப்போது எறும்புகளை எடுத்தால் ஆறே வாரத்தில் கட்டி பழைய அளவுக்கு வந்துவிடும். இருபத்திரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமை.

மறுநாள் பெஞ்சின் முன் நின்று விஷயத்தைச் சொன்னார். "நீங்க எல்லாரும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நல்லா இருக்கேன். அவ்வளவுதான்."

கணவர் சுடலைமணிக்குத் துணையாக வந்திருந்த பேச்சித்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதெப்படி டாக்டரம்மா, பச்சையா அப்படிச் சொல்லுதது? கண்ணு பட்டுராதா?"

"இங்க யார் கண்ணும்மா படப்போவுது? பூமி அறுவது கோடி கிலோமீட்டருக்கு அங்கிட்டுக் கெடக்கு."

"ஏன், இதுக்குக் கண்ணு இல்லையா? முட்டை முட்டையா ரெண்டு வச்சிருக்கே!" என்று கேட்பானைக் கை காட்டினாள்.

கேட்பான் பணிவாகக் கண்களை மூடிக்கொண்டது.

ஆனாலும் டாக்டரம்மாவுக்காக சுடலைமணி துணிந்தார். அடுத்த நாள் கேள்வி வந்ததும் முதுகை நிமிர்த்தி, "நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னாக. நல்லா இருக்கேன்" என்றார்.

"யார் சொல்லச் சொன்னார்கள்?"

"டாக்டரம்மாதான்."

வற்புறுத்தலின் பேரில் தரப்பட்ட பதில் என்று கேட்பான் குறித்துக்கொண்டது. பூஜ்ஜியம். அன்றைய சராசரி மூன்றுக்கு இறங்கியது.

"ஏளா, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று மனைவியிடம் கேட்டார் சுடலைமணி.

"வாய மூடிக்கிட்டுக் கெடந்திருக்கலாம்லா" என்றாள் பேச்சித்தாய்.

ஜெபராணி அதன் பிறகு யாரையும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. தன் அறையில் உட்கார்ந்து, கேட்பான் சேர்த்துவைத்திருந்த நான்கு மாதப் பேச்சுகளை முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். கேள்வி பதில்களை மட்டுமல்ல. பொருத்தமற்றவை என்று ஒதுக்கி வைத்திருந்த பேச்சுகளையும் கேட்டார். பேச்சுகளுக்கு நடுவே இருந்த மௌனங்களையும் கேட்டார். மூன்று நாள் அப்படிப் போயிற்று.

முதல் மாதத்தில் சுடலைமணிக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. அப்போது அவர் சொன்னது: "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்ட்டீகளா?" மெல்லிய குரல். அதற்குப் பிறகு நீண்ட மௌனம். கேட்பான் அதற்கு ஒன்பது மதிப்பெண் போட்டிருந்தது. இரண்டாம் மாதம், சாம்பாரில் உப்பில்லை என்றார். மூன்றாம் மாதம், பெஞ்ச் உயரம் சரியில்லை, பக்கத்து ஆள் துப்பும் சத்தம் சகிக்கவில்லை, கருப்பட்டியைத் தொட்டியில் காய்ச்சுகிறவனுக்குப் பனைமரம் என்றால் என்னவென்று தெரியுமா என்றார். நான்காம் மாதம் அவர் நிறுத்தவே இல்லை. இட்லி, வெளிச்சம், ஊர்த்தலைவர், கேட்பானின் குரல், மருமகனின் நடை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

ஜெபராணி இருபத்திரண்டு பேரின் குறைகளையும் நாள்வாரியாக வரைந்தார். கட்டி இறங்க இறங்கக் குறை ஏறியது. ஒருவருக்குக்கூட மாறவில்லை.

கேட்பான் அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தது. "குறை சொல்கிறவர் எப்படி நலமாக இருக்க முடியும்?"

"குறை சொல்ல முதல்ல மூச்சு வேணும். அப்புறம் நாளைக்கும் இதே இட்லியைத் திங்கப்போறோம்னு ஒரு நம்பிக்கை வேணும். ரெண்டும் இல்லாதவன்தான் வந்தவங்க கிட்ட சாப்ட்டீங்களான்னு கேட்டுட்டு சும்மா இருப்பான்."

"அப்படியானால் நான் பதினெட்டு வாரமாகத் தலைகீழாக மதிப்பெண் போட்டிருக்கிறேன்."

"நீ மட்டுமா? நாங்களும் அப்படித்தான் கேட்டுட்டிருந்தோம்."

ஒன்பதாம் நாள் வரைபடம் கானிமீடுக்குப் போயிற்று. குழு அதை யூரோப்பாவின் பதிவுகளோடு ஒத்துப் பார்த்தது. அங்கும் "அருமை" என்றவர்களில் பலருக்குக் கட்டி கரைந்திருக்கவில்லை; பரிமாறுகிறவரைத் திட்டியவர்களுக்குக் கரைந்திருந்தது. பத்தாம் நாள் காலை பதில் வந்தது. எறும்புகள் தொடரலாம். குறைகளை எண்ணும் புதிய அளவைக்குக் குறையளவு என்று பெயரிடப்பட்டது.

ஜெபராணி செய்தியைப் படித்துக் காட்டியதும் பெஞ்சில் எழுந்த ஆரவாரத்தில் பாதிப் பேர் மணி அடிக்கும் முன்பே துப்பிவிட்டார்கள். சுடலைமணி மட்டும், "இத நேத்தே அனுப்பியிருக்கக்கூடாதா? ராத்திரி பூரா தூக்கமில்ல" என்றார். கேட்பான் மகிழ்ச்சியோடு ஒரு மதிப்பெண் கூட்டியது.

ஆனால் ஆய்வு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் அளவும் வேண்டும். எனவே கேட்பான் ஒரு மாத காலம் ஊரில் இருந்த ஆயிரத்து அறுநூறு பேரின் பேச்சையும் கேட்டது. குறை சொல்லாத ஆள் இல்லை. இரண்டு வயதுக் குழந்தைகள்கூட நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். மாதக் கடைசியில், காலை வரிசை கலையும் நேரத்தில், கேட்பான் ஜெபராணியிடம் வந்து நின்றது.

"ஊரில் ஒருவருக்கு மட்டும் குறையளவு பூஜ்ஜியம், டாக்டர்."

"யாரு? உடனே கூட்டிட்டு வா. ஸ்கேன் எடுத்துரலாம்."

"அவர் இந்த மாதத்தில் 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்று நாற்பத்தொரு முறை சொல்லியிருக்கிறார். சாப்பிட்டீர்களா என்று அறுபது முறை கேட்டிருக்கிறார்."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி ஜெபராணியைப் பார்த்தார்கள்.

"ஏய், எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்லப்பா" என்று அவர் சிரித்தார். "இந்த வாரம் அறிக்கை அனுப்பணும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது ஊர் விதி. அந்த விதியை எழுதியவர் அவர்தான். அந்த ஸ்கேன் பட்டியலில், மூன்று ஆண்டுகளாகத் தன் பெயருக்கு நேரே 'அடுத்த மாதம்' என்று எழுதி வைத்திருந்தவரும் அவர்தான். இடது மார்பில் ஒரு சின்னக் கெட்டி கையில் தட்டுப்பட்டு ஏழு மாதமாகியிருந்தது. நேரமில்லாததால் அதைப் பற்றி அவர் தன்னிடமே பேசிக்கொள்ளவில்லை.

"எங்கள மட்டும் தெனமும் துப்பு துப்புன்னு சொல்லுவீக" என்றார் சுடலைமணி. "நீங்க என்ன, ஸ்கேன் மிஷினுக்கு மாமியாரா? சும்மா படுங்க டாக்டரம்மா!"

பேச்சித்தாய் ஜெபராணியின் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பத்து நிமிடத்தில் படம் வந்தது. கேட்பான் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. ஜெபராணி தானே படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு, "ஆரம்ப நிலைதான். எறும்புக்குக் கேக்கும்" என்றார்.

அடுத்த வாரம் பெஞ்சில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். முதல் நாள் கேட்பான் கேட்டதும் ஜெபராணி "நல்லா இருக்கேன்" என்றார். மற்ற இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில், "பூஜ்ஜியம்!" என்றார்கள். ஐம்பதாம் நாள் அவர், பெஞ்ச் முதுகைக் குத்துகிறது, பக்கத்தில் இருக்கும் ஆள் ஓயாமல் பேசுகிறார், இந்தப் படிவத்தில் எழுபது கேள்வி வைத்த மடையன் யார் என்று கேட்டார். படிவத்தை எழுதியது நீங்கள்தான் என்று கேட்பான் சொன்னது. அது இன்னொரு குறைக்குக் காரணமாயிற்று.

இருபத்து மூன்று பேரில் இருபது பேர் குணமடைந்தார்கள். மூன்று பேர் இரண்டாம் ஆண்டில் இறந்தார்கள். அந்த மூவரும் கடைசி வாரங்களில் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். கேட்பான் யூரோப்பாவுக்கு மாற்றப்பட்டது. பேச்சித்தாய் ஊர்ச் சமையல்கூடத்தை ஏற்று நடத்தினாள். சுடலைமணி எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தார். அவள் சமையலைப் பற்றி அவர் சொன்னவை தனிக் கோப்பாக இருக்கின்றன. டாக்டர் ஜெபராணி ஏழு மாதத்தில் குணமாகி, அதே கூடத்தில் இன்னும் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தார். ஒவ்வோர் ஆண்டும் தன் பரிசோதனைக்கு ஒரு மாதம் தாமதமாகவே வந்தார்.