ஐந்து நிமிடம் முன்னால்

சுந்தரபாண்டியத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினோரு மணி. சுள்ளென்று வெயில். பேய் பிசாசுக்கான நேரமே இல்லை. என் பெயர் பாண்டிச்செல்வம். ராஜபாளையத்தில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். மெஷினை நம்புவேன், மனுஷனை அவ்வளவாக நம்ப மாட்டேன்.

மாரிச்செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் வல்லரசு பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், ஆவணியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டரை வைத்து வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்ய அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. பழைய விண்டோஸ் ஆகாது, புதுசு போட்டால்தான் திங்கட்கிழமை வேலை என்று சொல்லிவிட்டார்களாம். வேலை இல்லையென்றால் கொழுந்தன் வீட்டில்தான் போய் நிற்க வேண்டும்.

“புதுசு போடும்போது பழசு அம்புட்டையும் அழிச்சிருங்கண்ணே. அவிய பேரு கூட இருக்கக் கூடாது.”

“சரி தாயி” என்றேன்.

கம்ப்யூட்டர் இருந்த அறையில் பித்தளைக்குப் பாலிஷ் போடும் வாடை அடித்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் பட்டாளத்துப் பெல்ட் தொங்கியது. அதன் பக்கிள் பளபளவென்று இருந்தது. நாலு மாதமாக யாரும் துடைக்காத பக்கிள்.

“எறிஞ்சிரலாம்லா?” என்று கேட்டேன்.

“கை வரமாட்டேங்கு” என்றாள்.

சுவர் மூலையில் ஒரு ஓட்டை, அதில் வெட்டிய ஒயர். வீட்டில் நாலு இடத்தில் கேமரா வைத்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம் மனுஷன். செத்ததும் இதே நாற்காலியில்தான். பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே கேமராக்களை இவள் பிடுங்கி எறிந்துவிட்டாள்.

மெஷினைப் போட்டதும் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடுவதைக் கவனித்தேன். நெட் இல்லாததால் சரியாகவில்லை போல என்று நினைத்தேன்.

“அவிய வச்சது. பட்டாளத்துப் பழக்கம். வீட்ல எல்லாக் கடிகாரமும் அஞ்சு நிமிசம் முந்தித்தான் ஓடும். ஒரு மணிக்குச் சோறுன்னா அவிய கடிகாரத்துல ஒரு மணி.” கதவுப் பக்கம் பார்த்தாள். “பிந்திப்போனா பெல்ட்டை உள்ளங்கையில ரெண்டு சுத்து சுத்திக்கிடுவாக. பக்கிள் வெளிய தொங்கும்.”

அந்த ஐந்து நிமிடத்துக்காகப் பதினைந்து வருஷம் அடி வாங்கியிருக்கிறாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி வெங்கடேஸ்வரி போன் செய்து, சாப்பிட வருவேனா என்று கேட்டாள். “வேலைல இருக்கம்லா, வைய்யி” என்று கத்திவிட்டுத் துண்டித்தேன். எனக்கு வாய்தான் நீளம். அவள் மேல் கை வைத்ததில்லை. ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில். அதை நாங்கள் பேசுவதில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். என் தப்பு அதுதான்.

பழசை மாற்றும்போது திரையில் ஒரு கேள்வி வரும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவா, எதுவும் வேண்டாமா என்று. துக்கத்தில் அழிக்கச் சொன்னவர்கள் எத்தனையோ பேர் ஆறு மாதம் கழித்து, போட்டோவெல்லாம் போச்சே என்று கடை வாசலில் அழுதிருக்கிறார்கள். அதனால் யார் என்ன சொன்னாலும் நான் எதையும் அழிப்பதில்லை. அவளிடம் சொல்லாமல், இருந்ததை எல்லாம் என் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்தேன். பிறகு ‘எல்லாவற்றையும் வைத்துக்கொள்’ என்பதை அமுக்கினேன்.

அவளுக்கு எது நல்லது என்று அவளைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

முப்பது சதவீதம். அறுபது. மெஷின் இரண்டு முறை அணைந்து எரிந்தது. ஒவ்வொரு முறையும் பாலிஷ் வாடை கூடியது. தொண்ணூறைத் தாண்டியபோது மூச்சு விடவே முடியவில்லை, ஜன்னலைத் திறந்தேன். தெருவில் ஒரு கோழி போய்க்கொண்டிருந்தது.

புது விண்டோஸ் வந்தது. வரவேற்றது.

கீழே பெயர் வந்தது. வல்லரசு.

“அழிக்கேன்னு சொன்னீகளே” என்றாள் மாரிச்செல்வி, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

நான் பதில் சொல்வதற்குள் திரை நாலு கட்டமாகப் பிரிந்தது. மூன்று கட்டம் கறுப்பு. நாலாவதில் இந்த அறை, சுவர் மூலையிலிருந்து பார்ப்பதுபோல. ஓட்டையை நிமிர்ந்து பார்த்தேன். வெட்டிய ஒயர்தான் இருந்தது.

படத்தில் மாரிச்செல்வி தரையில் கிடந்தாள். முகம் ரத்தமாக இருந்தது. அவள் மேல் குனிந்து ஒருத்தன் கையை ஓங்கி ஓங்கி இறக்கினான். முதுகு மட்டும் தெரிந்தது. கையில் பெல்ட்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில் முழுசாக நின்றிருந்தாள். பெல்ட் ஆணியில்தான் தொங்கியது.

படத்தின் ஓரத்தில் நேரம் பன்னிரண்டு நாற்பது. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து.

“வெளிய வா தாயி” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை.

“ஓடினா ரொம்ப அடிப்பாக” என்று மெதுவாகச் சொன்னாள்.

சுவரோரம் போய், பழகின இடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். கெஞ்சினேன். திட்டினேன். தூக்கப் பார்த்தேன், ஆட்டுக்கல் மாதிரி கனத்தாள். மெஷினின் ஒயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

எதுவும் நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாற்பது.

ஆணி காலியாக இருந்தது.

முதல் அடியில் பக்கிள் அவள் கன்னத்தைக் கிழித்தது. பல் தெரிந்தது. இரண்டாவது அடியில் முழங்கை எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. பெல்ட்டைப் பிடித்திருந்த இடத்தில் யாருமில்லை. குறுக்கே பாய்ந்தேன். என் தோளிலும் விழுந்தது, நீலச் சட்டை கிழிந்து தோல் உரிந்தது. அவள் கத்தவே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். “நாலு... அஞ்சு...”

கம்ப்யூட்டரைத் தரையில் தூக்கி அடித்தேன். தகடு விரிந்தது. அதற்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கி, வாசலில் கிடந்த அம்மிக்குழவியால் சில்லுச் சில்லாக நொறுக்கினேன்.

உள்ளே பெல்ட் விழுந்த சத்தம் கேட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள் மாரிச்செல்வி, கிழிந்த கன்னத்தோடு. பதினைந்து வருஷமாகச் சொல்லி வந்த அதே பொய். நர்ஸ் என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

“நீங்க வீட்டுக்காரரா?”

அந்தப் பார்வையில் நான் குறுகிப் போனேன். கட்டுப் போட்டு முடிந்ததும் பழசை அழிக்காமல் வைத்ததை மாரிச்செல்வியிடம் ஒப்புக்கொண்டேன். வேறு கம்ப்யூட்டர் தருகிறேன், திங்கட்கிழமை வேலை நிற்காது என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“காப்பி எதுவும் வச்சிருக்கீகளா?” என்றாள்.

“இல்ல” என்றேன். வெட்கத்தில் வந்த பொய். கடைக்குப் போனதும் அதையும் நொறுக்கிவிடலாம் என்று இருந்தேன்.

கடையைத் திறந்தபோது பாலிஷ் வாடை அடித்தது.

காப்பி எடுத்த ஹார்ட் டிஸ்க் இன்னும் என் தோள்பையில்தான் இருந்தது. எதிலும் செருகவில்லை. ஆனாலும் என் மேசைக் கம்ப்யூட்டரில் நாலு கட்டம் எரிந்தது. ஒன்றில் மட்டும் படம். என் வீட்டு அடுப்படி. எங்கள் வீட்டில் கேமராவே கிடையாது.

வெங்கடேஸ்வரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். படத்தில் நேரம் ஆறு நாற்பத்தைந்து. கடைச் சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பது. கடையிலிருந்து வீட்டுக்குப் பைக்கில் ஐந்து நிமிடம்.

நீலச் சட்டை போட்ட ஒருத்தன் உள்ளே வந்தான். முதுகில் என் கடைப் பெயர். தோளில் கிழிசல், சுற்றிலும் காய்ந்த ரத்தம். வெங்கடேஸ்வரி திரும்பினாள். வந்தது யாரென்று தெரிந்ததால் முதலில் சிரித்தாள்.

ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிப் பூட்டி, சாவியை அலமாரிக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடுக்கில் எறிந்தேன். நான் போகவில்லையென்றால் நடக்காது. அவளுக்குப் போன் செய்தேன்.

“வெங்கடேஸ்வரி, வீட்டைப் பூட்டிட்டு உங்கக்கா வீட்டுக்குப் போ. நான் வந்தாலும் கதவைத் தெறக்காத.”

“என்னங்க இது? இப்பத்தான் போன் பண்ணி, அஞ்சு நிமிசத்துல வாரேன், தோசை தயாரா இருக்கணும்னு அம்புட்டு அதட்டினீக?”

என் கைக்கடிகாரத்தில் இன்னும் ஆறு நாற்பதுதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நாற்பத்தைந்து.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வெளியே என் பைக் ஓடிக்கொண்டிருந்தது.

இடுப்பைத் தொட்டேன். என் பெல்ட் அங்கே இல்லை. வலது உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது, பக்கிள் வெளியே தொங்கியது.