மரச்சுருள் மகாராணி

"சாப்பாட்டை அவ பக்கத்துல போய் வச்சியா?" என்று கேட்டாள் அம்மா.

"பக்கத்துலதான்மா," என்றாள் சில்லு.

"எவ்வளவு பக்கம்?"

"வாசல் கேட்டுக்குப் பக்கம்."

அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அவ படுத்திருக்கிறது பட்டறையோட பின்மூலையில. நீ வச்சது வாசல்ல. இதுக்குப் பேரு பக்கமா?"

சில்லு தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உளி பட்டதும் தெறித்து ஓடும் மரச்சில்லு மாதிரி சின்னதாக, வேகமாக இருக்கிறாள் என்று அப்பா வைத்த பட்டப்பெயர்தான் சில்லு. வயது ஒன்பது. இடிக்குப் பயப்பட மாட்டாள். கரப்பான்பூச்சியை மீசையைப் பிடித்துத் தூக்குவாள். நாய் என்றால் மட்டும் ஆகாது. போன வருடம் ஒரு நாய் அவளைத் தெருமுனை வரை துரத்தியது. அன்றைக்கு ஒரு செருப்பு போனது. தைரியமும் அதோடு போய்விட்டது.

அப்படிப்பட்டவளின் அப்பாவுடைய தச்சுப் பட்டறைக்குள்தான், பத்து நாளைக்கு முன் ஒரு தெருநாய் நுழைந்தது. மரம் இழைக்கும்போது விழும் சுருள்களைப் பின்மூலையில் குவித்து வைத்திருப்பார்கள். மெத்தை போல இருக்கும். அதன் மேல் ஏறிப் படுத்து ஐந்து குட்டி போட்டது.

"யாரு கிட்ட போனாலும் ஒரு முறை முறைக்குதுப்பா! சிம்மாசனத்துல உட்கார்ந்த மகாராணி கணக்கா!" என்றார் பாலிஷ் மாமா. மேஜை நாற்காலிகளுக்கு மெருகு போடுகிறவர் அவர். அன்றிலிருந்து அதன் பெயர் மகாராணி.

"பால் குடுக்கிறவளுக்குப் பசி தாங்காது. மூணு வேளையும் போடணும்," என்றாள் அம்மா. பள்ளிக்கூடம் விடுமுறை. அதனால் அந்த வேலை சில்லுவின் தலையில் விழுந்தது.

பாலில் ஊறிய ரொட்டியும் முட்டையும் கலந்த கிண்ணத்தை வாசலில் வைப்பாள். கரண்டியால் 'டங் டங் டங்' என்று தட்டுவாள். அடுத்த நொடி, அம்மா மெத்தை தைக்கும் முன்னறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். மகாராணி எழுந்து வந்து, நக்கி முடித்துத் திரும்பிப் போகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் குட்டிகள் தனியாகக் கிடக்கும். அதனால் என்ன ஆகும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சில்லு ஜன்னலில் ஏறிக் குட்டிகளை எண்ணுவாள். கறுப்பு இரண்டு, பழுப்பு இரண்டு, கறுப்பு உடம்பில் மூக்கு மட்டும் வெள்ளையாக ஒன்று. மாவு டப்பாவில் மூக்கை விட்டது போல இருக்கும். அதற்கு 'மாவுமூக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். தூரத்திலிருந்து அவள் கொஞ்சுவது அந்தக் குட்டியைத்தான்.

அன்று மூன்று அலமாரிகள் லாரியில் போக வேண்டியிருந்தது. காலையிலிருந்தே பட்டறை பரபரத்தது.

அப்பாவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அலமாரி வெளியூர் போகும்போது இழுப்பறைகளில் மரச்சுருளை அடைத்துத்தான் அனுப்புவார்கள். அப்போதுதான் மேடு பள்ளத்தில் இழுப்பறை ஆடாது, மெருகும் உரசாது. அடைப்பது பாலிஷ் மாமாவின் வேலை.

மதியம் சில்லு வாசலில் கிண்ணத்தை வைத்து 'டங் டங்' என்று தட்டினாள். மகாராணி வந்தது. சில்லு முன்னறைக்குள் பாய்ந்தாள். அம்மா நூல்கண்டைப் பிடிக்கச் சொன்னதால் அன்றைக்கு ஜன்னலில் ஏறவில்லை.

"நல்ல நேரம்! மகாராணி வர்றதுக்குள்ள அள்ளிடறேன்," என்று பாலிஷ் மாமா கூடையோடு பின்மூலைக்கு ஓடினார். அவருக்கும் நாய் என்றால் உதறல்தான். கண் வாசல்மேல், கை குவியல்மேல். அள்ளி அள்ளிக் கூடையில் போட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்கு ஓடினார்.

மகாராணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு ஊளை கேட்டது. சில்லுவின் கையிலிருந்த நூல்கண்டு கீழே விழுந்து உருண்டது.

மகாராணி பாய்ந்து வெளியே வந்தது. தரையை மோந்தது, சுற்றியது. நேராகப் போய்ப் பாலிஷ் மாமாவின் பேண்ட் காலைக் கவ்வி இழுத்தது.

"ஐயோ! அண்ணே! வெறி புடிச்சிருச்சு!" என்று அலறிக்கொண்டு அவர் ஏணியில் ஏறினார்.

அப்பா ஒரு பலகையால் தள்ளித் தள்ளி, மகாராணியைக் கருவி அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிட வேண்டியதுதான்," என்றார்.

"குட்டி போட்டவ காரணம் இல்லாமக் கோபப்பட மாட்டா," என்றாள் அம்மா.

"குழந்தை நடமாடுற இடம்மா. நாளைக்கு இவளைக் கவ்வினா?"

"குட்டிங்களை என்னப்பா பண்ணுவாங்க?" என்று கேட்டாள் சில்லு.

அப்பா சட்டைப் பையைத் தடவினார். போனை எடுத்தார். அரை மணி நேரத்தில் வருகிறோம் என்றார்கள். அப்பா மறுபடி அறுக்கும் மெஷினை ஓடவிட்டார். லாரியில் அலமாரிகள் ஏறின.

நாய் போகப்போகிறது. சில்லு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் காது அந்தத் தாழ்ப்பாள் போட்ட கதவுப் பக்கமே போனது. கருவி அறைக்குள்ளிருந்து வந்த சத்தம் உறுமல் மாதிரி இல்லை. கடைத்தெருவில் ஒருமுறை அம்மாவின் கை நழுவியபோது, சில்லு அழுத மாதிரி இருந்தது.

"குட்டிங்க பசியோட இருக்குமே," என்று முணுமுணுத்துக்கொண்டே நாய் வந்த பிறகு முதல் தடவையாக அவள் பின்மூலைக்குப் போனாள்.

கறுப்பு இரண்டு. பழுப்பு இரண்டு.

மறுபடி எண்ணினாள். நான்கு. சுருளை விலக்கிப் பார்த்தாள். குவியலுக்குப் பின்னால் பார்த்தாள். மாவுமூக்கு இல்லை.

குவியலின் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தது. யாரோ கூடையால் அள்ளிய குழி.

சில்லு குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள். கூடை. சுருள். இழுப்பறை. லாரி!

"அப்பா!" என்று கத்தினாள். மெஷின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. லாரி உறுமத் தொடங்கியது. பாலிஷ் மாமா கேட்டைத் திறந்து, 'வா, வா' என்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

மெஷின் ஓடும்போது பட்டறையில் பேச்சு கிடையாது, சைகைதான். அதில் ஒரு சைகையை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்காக வைப்பது. யாருக்கோ அடிபட்டிருக்கிறது, எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம்.

சில்லு பட்டறையின் நடுவில் போய் நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்தாள்.

அப்பாவின் முகம் வெளுத்தது. மெஷின் நின்றது. பாலிஷ் மாமா லாரியைப் 'பட்பட்' என்று தட்டினார். லாரியும் நின்றது.

அப்பா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கேம்மா? எந்த விரல்? காட்டு!"

"பத்தும் இருக்குப்பா! அந்த அஞ்சுலதான் ஒண்ணு குறையுது!"

"எந்த அஞ்சு?"

"குட்டி! மாவுமூக்கைக் காணோம். சுருளோட சேர்த்து அள்ளி இழுப்பறைக்குள்ள போட்டுட்டாங்க!"

பாலிஷ் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் கையைப் பார்க்கலையே. வாசலைத்தானே பார்த்துட்டிருந்தேன். அதுக்குத்தான் என் காலைப் பிடிச்சு இழுத்துச்சா!"

"எந்த இழுப்பறை?" என்றார் அப்பா.

"எல்லாத்துலயும் அடைச்சேன் அண்ணே. எதுன்னு சொல்ல?"

மூன்று அலமாரி, பன்னிரண்டு இழுப்பறை. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"ஒவ்வொண்ணா அவிழ்த்தா ஒரு மணி நேரம் ஆகுமே," என்றார் டிரைவர்.

"அவ்வளவு நேரம் அதுக்குள்ள காத்து ஏது?" என்றாள் அம்மா.

அப்பா கயிறு அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டார். சில்லு மெதுவாகச் சொன்னாள். "மகாராணிக்குத் தெரியும்."

"திறந்து விடணுமா? அப்ப நான் ஏணியிலேயே இருக்கேன்," என்று பாலிஷ் மாமா இரண்டு படி ஏறிவிட்டார்.

அப்பா தாழ்ப்பாளில் கை வைத்தார். உள்ளே 'உர்ர்ர்' என்று சத்தம். கதவு அதிர்ந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"உங்க மேல கோபம்பா. பலகையால தள்ளினீங்கல்ல?" என்றாள் சில்லு. ஒரு அடி முன்னால் வந்தாள். அப்புறம் சொன்னாள். "சாப்பாடு போடுறது நான்தானே. நான் திறக்கிறேன்."

"வேண்டாம்மா."

"நேரமாகுதுப்பா."

அப்பா ஒரு நொடி யோசித்தார். "சரி. உன் முதுகுக்குப் பின்னாடியே நிக்கிறேன்."

அம்மா கிண்ணத்தையும் கரண்டியையும் கொண்டுவந்து கொடுத்தாள். சில்லு வாங்கிக்கொண்டாள். கரண்டி கிண்ணத்தில் பட்டுத் தானாகவே 'டடடட' என்று அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத் தட்டினாள்.

டங். டங். டங்.

உறுமல் நின்றது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள். சூடான மூச்சு ஒன்று முழங்காலில் பட்டது. ஈர மூக்கு ஒன்று கையைத் தொட்டது. 'அவ்வளவுதான், கடிக்கப்போகுது' என்று நினைத்தாள். கண்ணைத் திறந்தபோது மகாராணி லாரியை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

லாரிக்குச் சாய்த்திருந்த பலகையில் ஏறியது. முதல் அலமாரியை மோந்தது. இரண்டாவது. மூன்றாவது. மறுபடி இரண்டாவதற்கு வந்தது. கீழ் இழுப்பறையைப் பிறாண்டோ பிறாண்டு என்று பிறாண்டியது.

அப்பா கயிற்றை அறுத்தார். தாளைக் கிழித்தார். இழுப்பறையை இழுத்தார்.

மகாராணி சுருளுக்குள் முகத்தை விட்டு, மாவுமூக்கைக் கவ்வி எடுத்துக் கீழே வைத்தது. குட்டி அசையவில்லை. மகாராணி அதை நக்கியது. புரட்டிப் போட்டு மறுபடி நக்கியது.

"உயிர் இருக்கா?" என்று ஏணியிலிருந்து பாலிஷ் மாமா கேட்டார். சில்லு அம்மாவின் சேலையைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"ஹ்ச்!"

குட்டி தும்மியது. அதன் வெள்ளை மூக்கிலிருந்து மரத்தூள் பறந்தது. இன்னொரு தும்மல். அப்புறம் 'ங்ஙீ' என்று ஒரு அழுகை.

"அடேயப்பா, இந்த வயசுலயே என்ன அதட்டல்!" என்றார் டிரைவர். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அப்பா போனை எடுத்தார். "வண்டி வேண்டாங்க. இல்லைங்க, வெறியெல்லாம் ஒண்ணுமில்லை. தப்பு எங்க மேலதான்."

லாரி தாமதமாகத்தான் கிளம்பியது. மற்ற பதினொரு இழுப்பறைகளையும் பாலிஷ் மாமா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே அதைப் போகவிட்டார்.

அன்று சாயங்காலம் சில்லு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா மெஷினிலிருந்து நிமிராமல் கேட்டாள்.

"சாப்பாடு வச்சியா?"

"வச்சேன்."

"எவ்வளவு பக்கம்?"

"அவ வால் என் கால்ல அடிக்கிற அளவுக்கு."

"முழங்கால் நடுங்கலையா?"

"நடுங்குச்சு," என்றாள் சில்லு. "ஆனா ஒரு சொட்டுப் பால் சிந்தலை."