பானெட்டில் ஒரு கட்டைவிரல்

எங்கள் அம்மாவுக்குப் பெயிண்ட் காயும்வரை காத்திருக்கத் தெரியாது.

சந்தேகம் இருந்தால் எங்கள் வீட்டு வாசல் கேட்டைப் பாருங்கள். பச்சைப் பெயிண்டில் ஐந்து விரல்களும் அச்சாகப் பதிந்திருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் அம்மா, "காய்ஞ்சிடுச்சா?" என்று தொட்டுப் பார்த்த இடம் அது. "அடுத்த வாரம் அதுமேல பெயிண்ட் அடிச்சிடறேன்" என்றார் அப்பா. அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் அம்மா கப்பலில் இன்ஜினியர். ஒரே ஒரு போல்ட்டைக் கழற்ற நாலு மணி நேரம் பொறுமையாக உட்காருவாராம். பெயிண்டைப் பார்த்தால்தான் கை சும்மா இருக்காது.

போன தடவை விடுமுறைக்கு வந்தபோது அம்மா ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே நூற்று நாற்பத்திரண்டு துண்டுகள். ஒட்டிச் சேர்த்தால் ஒரு பழைய காலத்து மசில் கார் வரும். மசில் கார் என்றால், அளவான உடம்புக்குள் அநியாயத்துக்குப் பெரிய இன்ஜினை வைத்த கார். நிஜக் காரை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல் இது. என் பென்சில் பெட்டி நீளம்தான் இருக்கும். ஆனால் முன்விளக்குகள் இரண்டும் ஆளை முறைக்கும். அதனால் 'சண்டியர்' என்று பெயர் வைத்தோம்.

"திருகாணி, இந்த இன்ஜின்ல எட்டு சிலிண்டர். எட்டுக்கும் ஒயர் போகணும். பெட்டியில ஒயர் இல்லையே, என்ன பண்ணலாம்?" என்று அம்மா கேட்டார். திருகாணி என்பது நான்தான். எந்தச் சந்திலும் புகுந்துவிடுவேன் என்று அம்மா வைத்த பெயர்.

நான் அப்பாவின் தையல் மெஷினைப் பார்த்தேன். அப்பா தையல்காரர். எட்டுத் துண்டு கறுப்பு நூல் ஒயர் ஆனது. கதவுக் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் கிடைத்தது.

"இப்படியே போனா சட்டைக்கு நூல் மிஞ்சாது" என்று அப்பா அலுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள், கார் சீட்டுக்கு ஒரு துண்டு வெல்வெட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா கிளம்பும் நாள் காலையில், இன்ஜினை மூடும் பானெட்டுக்குச் சிவப்பு அடித்தோம். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். டாக்சி வந்தது. அப்பா பெட்டிகளை ஏற்றினார். திடீரென்று அம்மா செருப்புக் காலோடு உள்ளே ஓடினார்.

"அம்மா, தொடாதே!"

"ஒரே ஒரு தடவ. காய்ஞ்சிடுச்சான்னு..."

காயவில்லை. பானெட்டின் நடுவில் கட்டைவிரல் ரேகை அப்படியே விழுந்துவிட்டது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குள் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான், போய்விட்டார்.

வர ஏழு மாதம் ஆகும்.

மீதியை நானே ஒட்டினேன். சக்கரம் முதன்முதலாகச் சுற்றியபோது, "அம்மா, இங்க பாரு!" என்று திரும்பினேன். நாற்காலியில் அப்பா மடித்து வைத்த சட்டைகள்தான் இருந்தன. எனக்கு அழுகை வந்தது.

மூன்று மாதம் கழித்து, மாடல் கார்கள் விற்கும் கடையில் கண்காட்சி என்று அறிவித்தார்கள். ஒரு வாரம்தான் இருந்தது. கடைக்கார அண்ணனின் விரல்களில் எப்போதும் பசை ஒட்டியிருக்கும். அவரிடம் சண்டியரைக் காட்டினேன்.

"பிரமாதம்! நூல்ல ஒயரா? பரிசு உனக்குத்தான் போ. இந்த பானெட்ட மட்டும் உப்புத்தாள்ல தேய்ச்சு மறுபடி அடிச்சிடு. யாரோ கைய வச்சிருக்காங்க பாரு."

யாரோ இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உப்புத்தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதைத் தண்ணீரில் நனைத்தேன். பானெட்டைக் கையில் எடுத்தேன். தேய்ப்பதற்கு முன் என் கட்டைவிரலை அந்த ரேகைமேல் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் விரலுக்குள் என் விரல் அடங்கிவிட்டது. சுற்றிலும் கொஞ்சம் இடம்கூட மிச்சம் இருந்தது.

உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பள்ளி விட்டு வந்தால், அப்பா ஒரு கையில் பானெட்டும் மறு கையில் உப்புத்தாளுமாக உட்கார்ந்திருக்கிறார்!

"நீ மறந்துட்டியேன்னு, நானே தேய்ச்சு..."

"அப்பா! வேண்டாம்!"

நான் போட்ட சத்தத்தில் அப்பா நடுங்கிப்போனார். பானெட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அம்மா விரலா?" என்றார் மெதுவாக.

"ஆமா. அப்பா, நீங்க ஏன் கேட்டுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கல?"

"நேரம் எங்கம்மா கிடைக்குது?" என்று அப்பா தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசியில் நூலே இல்லை. சும்மா மிதித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கப்பலிலிருந்து அம்மா பேசினார். குரல் விட்டு விட்டு வந்தது.

"கண்காட்சியாமே! பானெட்ட தேய்ச்சிட்டியா?"

"இல்லம்மா."

"தேய்ச்சிடுடா தங்கம். என் அவசரத்தால உன் கார் கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தூக்கமே வரல. எல்லாரும் பார்த்துச் சிரிப்பாங்க..."

பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. அம்மா எவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இதற்குப் போய்க் கவலைப்படுகிறார் என்று எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ரேகை அழியக் கூடாது. அது ஒரு கெட்டுப்போன இடம் என்று அம்மா நினைக்கவும் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி வேண்டும்.

இரவு முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் பொய். பல் தேய்க்கும்போதே வழி கிடைத்துவிட்டது.

நிறமில்லாத வார்னிஷை பானெட்டுக்கு அடித்தேன். ஒரேயடியாக அடித்தால் ரேகை மூழ்கிப்போகும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு மெல்லிய பூச்சு, மூன்று நாளைக்கு மூன்று பூச்சு. காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க விரல் துடித்தது. அம்மா பெண் அல்லவா! இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்து அடக்கி வைத்தேன்.

சனிக்கிழமை கண்காட்சி. நடுவராக வந்த மாமா நிஜக் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பூதக்கண்ணாடியால் சண்டியரைப் பார்த்தார்.

"இன்ஜின் அருமை. சீட் அருமை. ஆனா இது என்ன பானெட்ல? காரே இருபத்துநாலுல ஒரு பங்கு. அப்ப இந்த விரலுக்குச் சொந்தக்காரர் நூத்திமுப்பது அடி உயரம் இருக்கணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் காருக்கு முன்னால் இருந்த அட்டையைக் காட்டினேன். ஒவ்வொருவரும் தங்கள் மாடலின் அளவை அதில் எழுத வேண்டும் என்பது விதி. மாமா குனிந்து சத்தமாகப் படித்தார்.

"கார்: இருபத்துநான்கில் ஒரு பங்கு. கட்டைவிரல்: நிஜ அளவு. அம்மாவுடையது."

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

"கப்பல்ல. வர இன்னும் நாலு மாசம் இருக்கு."

மாமா பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. "பெயிண்ட் வேலைக்கு மார்க் போட என் தொழில் இடம் கொடுக்கலம்மா" என்றார். ஆனால் வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

காரையும் அட்டையையும் சேர்த்துப் படம் எடுத்து அப்பா அம்மாவுக்கு அனுப்பினார். மூன்று நாள் பதிலே இல்லை. நாலாம் நாள் ஒரு படம் வந்தது. இன்ஜின் கிரீஸ் படிந்த ஒரு கட்டைவிரல். அதன் கீழே ஒரே ஒரு வார்த்தை.

"காய்ஞ்சிடுச்சா?"

அப்பாவின் போனை வாங்கி நானே பதில் எழுதினேன்.

"காய்ஞ்சிடுச்சும்மா. வந்து தொட்டுப் பாரு."