தேடும் நிலை

முதலில் அது ஆய்வுக்கூடத்தில்தான் கேட்டது. வியாழக்கிழமை காலை எட்டேகால் மணி வகுப்பு. மாக்தா கண்ணாடித் தராசின் முன் குனிந்து ஒரு வெள்ளைப் பொடியை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தாள். புகை உறிஞ்சும் பெட்டிகள் ஓயாமல் இரைந்தன, கழுவி வைத்த குடுவைகளிலிருந்து எரிசாராய வாடை வந்தது, வாசலோரம் சாய்த்து வைத்திருந்த நாலைந்து ஜோடி பனிச்சறுக்கு ஸ்கீ பலகைகளிலிருந்து பனி உருகிச் சொட்டித் தரையில் குட்டை கட்டியிருந்தது. அவ்வளவுக்கும் அடியில், தரைக்குக் கீழே எங்கோ ஆழத்தில், மெலிதாக ஒரு பீப். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டு வரை எண்ணினாள். மறுபடியும் ஒரு பீப்.

பக்கத்தில் யாரும் தலையைத் தூக்கவில்லை.

"என்ன மாக்தா, நிறுக்கிறீங்களா, ஜெபம் பண்றீங்களா?" என்றார் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் டாக்டர் ஆம்ப்லாட்ஸ். ஐம்பது வயதுப் பெண்மணி. பனிச்சறுக்குக் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்து, மற்ற முகமெல்லாம் வெயிலில் கறுத்திருக்கும்.

"ஏதோ சத்தம் கேக்குது டாக்டர்."

"எனக்கு உங்க எல்லார் வயித்துச் சத்தமும்தான் கேக்குது. மலைக்குப் போற அவசரத்துல ஒருத்தரும் காலையில சாப்பிடறதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். மாக்தாவும் சிரித்து வைத்தாள். பொடி தராசின் தட்டுக்கு வெளியே சிந்தியிருந்தது.

இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் படிக்க வருவதில்லை. தெருமுனைக்குத் தெருமுனை மலை எட்டிப் பார்க்கிற ஊரில் மருந்தியலையும் சட்டத்தையும் யார் விரும்பிப் படிப்பார்கள்? படிப்பு, மலை இரண்டையும் விட மனமில்லாதவர்கள் விடியற்காலையைப் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து மணிக்கு நெற்றி விளக்கோடு ஏறத் தொடங்கி, வெளிச்சம் வரும்போது உச்சியில் நின்று, பத்தே நிமிடத்தில் சறுக்கி இறங்கி, பேருந்தைப் பிடித்து, தொப்பி நசுக்கிய தலைமுடியோடு முதல் வகுப்பில் வந்து உட்காருவார்கள். மருந்தியல் படித்த மாக்தாவும் சட்டம் படித்த செவரினும் இரண்டு வருடமாக ஒரு வியாழக்கிழமை தவறாமல் அப்படித்தான் செய்தார்கள். அவள் ஊர் வேறு. இங்கே அவளுக்கென்று இருந்த ஒரே மனிதன் செவரின்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மட்டும் அவள் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் இரண்டு முறை மட்டம் போட்டாயிற்று. மூன்றாவது முறை போட்டால் அந்தப் பருவமே போய்விடும். மலையிலிருந்து பேருந்து வந்து சேரும் நேரத்துக்கும் வகுப்புக்கும் நடுவே பத்து நிமிடம்கூட இல்லை. விடியற்காலை நாலரைக்கு அவனுக்குச் செய்தி அனுப்பினாள்.

"சரி மருந்துக்கடை, நீ பொடியை நிறு. நான் ஒரு இறக்கம் இறங்கிட்டு உனக்குக் காபியோட வரேன்" என்று அவனிடமிருந்து பதில் வந்தது.

பனிச்சரிவு அவனை ஆறரை மணிக்கு அடித்துக்கொண்டு போனது. எட்டு நாள் தேடினார்கள். நாய்கள் வந்தன, ஹெலிகாப்டர் வந்தது. அவன் நெஞ்சில் கட்டியிருந்த பீப்பரிலிருந்து மட்டும் ஒரு சமிக்ஞையும் வரவில்லை. மலையேறுகிறவர்கள் எல்லாரும் கட்டுகிற பெட்டி அது. மேலே போகும்போது அது அனுப்பும் நிலையில் இருக்க வேண்டும். புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பீப்பரைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து வந்து தோண்டுவார்கள். செவரின் ஆன் பண்ண மறந்துவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜூனில் பனி உருகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அவன் மறக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் விடுதி முற்றத்தில் இருவரும் தேடிப் பழகினார்கள். செவரினின் பீப்பரை வைத்துத் தேடியவள் மாக்தா. அவளுடையதைப் பனிக்குள் ஒளித்து வைத்தவன் அவன். கண்டுபிடித்து முடித்ததும் அவனுடையதை மறுபடி அனுப்பும் நிலைக்கு மாற்றியிருக்க வேண்டும். கை விறைத்த அவசரத்தில் மாற்றாமலே அவன் பைக்குள் போட்டுவிட்டாள். புது ரகமாக இருந்தால் தானே மாறிக்கொள்ளும். அது பழசு. மறுநாள் அவள் போயிருந்தால் மலையடிவாரத்தில் ஒருவர் பீப்பரை மற்றவர் சோதிக்கிற வழக்கப்படி தவறு தெரிந்திருக்கும். ஐந்து வாரமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தில் பீப் கேட்ட அன்று சாயங்காலம், விடுதி அறையில் மறுபடியும் கேட்டது. நான்காவது மாடி. தரைப்பலகைக்குக் கீழே, ஒன்றிரண்டு மாடி தள்ளி. இப்போது ஐந்து எண்ணுவதற்குள் அடுத்தது வந்தது. பக்கத்து அறை ஓட்டிலி அழுக்குத் துணி மூட்டையோடு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கேக்குதா?" என்றாள் மாக்தா.

ஓட்டிலி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இல்லையே. எவனாவது வீட்டுப் புகை அலாரத்துல பேட்டரி தீர்ந்திருக்கும். நீயும் ஊருக்குப் போயேன் மாக்தா. இங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போற?"

"படிக்கணும்."

"படிக்கிற மூஞ்சியைப் பாரு" என்று சொல்லி, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு ஓட்டிலி போய்விட்டாள்.

விடுதி முழுவதும் அடங்கியது. வெந்நீர்க் குழாய்க்குள் ஏதோ ஒருமுறை இடித்தது. தெருவிளக்கின் மஞ்சள் ஜன்னல் வழியாக வந்து சுவரில் விழுந்திருந்தது, அதன் நடுவே சிவப்பாக ஒரு பொட்டு அணைந்து அணைந்து எரிந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மலைப்பையின் வலைப் பைக்குள்ளிருந்து அந்த வெளிச்சம் வந்தது. அவளுடைய பீப்பர். போன வாரம் பேட்டரி மாற்றி வைத்தபோது அணைக்காமல் விட்டிருக்கிறாள். ஒரு வாரமாக அது அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

கீழே பீப். இப்போது நாலு எண்ணுவதற்குள்.

அனுப்புகிற பீப்பர் சத்தம் போடாது, விளக்கு மட்டும்தான் எரியும். தேடுகிற பீப்பர்தான் கத்தும். நெருங்க நெருங்க வேகமாகக் கத்தும். செவரினுடையது தேடும் நிலையில் இருக்கிறது. அவள்தானே அப்படி வைத்தாள்.

கட்டிலிலிருந்து குதித்து பீப்பரை அணைத்தாள். சத்தம் நின்றது. அப்படியே, கத்தரித்த மாதிரி.

அதற்குப் பிறகு ஆறு நாள் ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நூலகத்திலும் உணவகத்திலும் அவள் தன்னையறியாமல் கால்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த ஊரில் அவளைத் தேடி வந்தது அது ஒன்றுதான் என்ற நினைப்பு அவளை அழ வைத்தது.

புதன்கிழமை செவரினின் அம்மா போன் செய்தார்.

"மாக்தா கண்ணு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் அவன் அஜாக்கிரதையா இருந்துட்டான்னு சொல்றாங்க. அவன் அடுப்பை அணைச்சமான்னு மூணு தடவை திரும்பி வந்து பாக்கிற பையன். உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க" என்றாள் மாக்தா.

"சரிம்மா. நல்லா சாப்பிடு."

மறுநாள் காலை அவள் மலைக்குப் போனாள். அவனிடமாவது நேரில் சொல்லிவிட வேண்டும், பிறகு இறங்கிவந்து அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். பீப்பர் அணைந்தபடியே நெஞ்சில் கிடந்தது. இரவெல்லாம் தெற்குக் காற்று வீசியிருந்தது. மார்ச் மாதத்து அந்த வெதுவெதுப்பில் தலை விண்ணென்று தெறித்தது, மரங்களிலிருந்து ஈரப்பனி தொப் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தது. அதையும், ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டிய ரோமப்பட்டை சரக், சரக் என்று உரசுவதையும் தவிர வேறு சத்தமில்லை. காடு முடிகிற இடத்தில் ஒரு நெற்றி விளக்கு மேலிருந்து இறங்கி வந்து அவள் முன்னால் நின்றது. டாக்டர் ஆம்ப்லாட்ஸ்.

"நீ தனியாவா வந்த?" என்றார். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறிவிட்டால் அந்த ஊரில் யாரும் யாரையும் 'நீங்கள்' என்று சொல்வதில்லை.

"ஆமா."

"இன்னிக்கு வகுப்பு இருக்கு. வரலன்னா உனக்கு மூணாவது."

"தெரியும்."

செவரின் எங்கே புதைந்தான் என்று அவருக்கும் தெரியும். "பனி ஊறிக் கிடக்கு. அந்தச் சரிவுல கால் வெக்காத. ஓரமா நின்னு அழுதுட்டு இறங்கி வா. மட்டத்தை நான் பாத்துக்கறேன்."

நான்தான் மாற்றி வைத்தேன் என்று சொல்ல மாக்தா வாயெடுத்தாள். "உன் பீப்பரைக் காட்டு" என்றார் அவர் அதற்குள். அவர் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார். வழக்கம் அது. ஆள் யாராக இருந்தாலும் சோதிக்காமல் போகமாட்டார்கள். மறுக்க முடியாது. மாக்தா விரலை மேல்சட்டைக்குள் விட்டு பீப்பரை ஆன் செய்தாள்.

ஆம்ப்லாட்ஸின் கையில் பீப் பீப் என்று அடித்தது. "நல்லா இருக்கு" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் இருட்டுக்குள் சறுக்கி மறைந்தார்.

அவர் போய் வெகு நேரமான பின்னும் பீப் நிற்கவில்லை.

மேலே, சரிவின் பனிக்கு அடியிலிருந்து வந்தது. நாலு எண்ணுகிற இடைவெளி. மாக்தா பீப்பரை அணைக்கவில்லை. ஏறினாள். கிழக்கே வானம் சாம்பல் நிறத்தில் வெளுத்தது. பனிச்சரிவு கொட்டிய இடம் கட்டி கட்டியாக, உழுது போட்ட வயல் மாதிரி கிடந்தது. அதன் நடுவில் போய் ஸ்கீயைக் கழற்றிவிட்டு நின்றாள். கால் முழங்கால் வரை புதைந்தது.

"செவரின், நான்தான்டா" என்றாள். "நான்தான் மாத்தி வெச்சேன். திருப்பி மாத்தாம விட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

பீப். இரண்டு எண்ணுவதற்குள் பீப்.

அவள் நகரவில்லை. இருந்தும் சத்தம் வேகமானது. அவள் நிற்கிற இடத்தைச் சுற்றி, ஆழத்தில், இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. தேடுகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். நேராக வரமாட்டார்கள். வளைந்து வளைந்து.

பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. பீப்பரை அணைத்தாள்.

நின்றுவிட்டது.

காற்று. ஈரப்பனியின் வாடை. தூரத்தில் ஊர் விளக்குகள். கீழே, மிக ஆழத்தில், எதுவோ பனியில் உரசிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனது. வழி தவறினவன் மாதிரி. பிறகு அதுவும் இல்லை.

இறங்கிப் போகலாம். எட்டேகாலுக்குப் போய்ச் சேரலாம். இன்னொரு தடவை அவனை இங்கே விட்டுவிட்டு, அதே வகுப்புக்கு. மாக்தா அழுதாள். விரலை உள்ளே விட்டாள். ஆன் செய்தாள்.

பீப் பீப் பீப் பீப்.

நேர் கீழே. அவள் பையிலிருந்து மடக்குக் கோலை உருவி உதறினாள். துண்டு துண்டாகச் சேர்ந்து மூன்று மீட்டர் நீண்டது. பனியில் புதைந்தவரை அதைக் குத்தித்தான் தொட்டுப் பார்ப்பார்கள். ஆள் தட்டுப்பட்டால் கோலை உருவக் கூடாது. அப்படியே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். குத்தினாள். ஒன்றும் இல்லை. பக்கத்தில் குத்தினாள். வெறும் பனி. இன்னொன்று. கோல் முழுவதும் இறங்கியது. ஒன்றும் தட்டவில்லை.

பீப்பீப்பீப்பீப். பிறகு இடைவெளியே இல்லாமல் ஒரே நீளச் சத்தம்.

நின்றது.

மாக்தா அசையவில்லை. அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவே பனி லேசாக வீங்கியது. வெடித்தது. ஒரு விரல் கனத்தில் அலுமினிய முனை ஒன்று கீழேயிருந்து வெளியே வந்தது. தயங்கியது. உள்ளே போனது. ஒரு சாண் தள்ளி மறுபடி வந்தது. உள்ளே போனது. மூன்றாவது முறை வந்தபோது அவள் தொடையில் இடித்தது. மெதுவாக ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

அதற்குப் பிறகு அது இறங்கவில்லை. அப்படியே நின்றது. கீழே, அவளை நோக்கி, மண்வாரியால் பனியை வாரிப்போடும் சத்தம் தொடங்கியது.